ஹாலிவுட்டில் மேரி பிக்ஃபோர்டைத் தேடி

மெட்ரோ நிலையத்தை விட்டு மேலே வந்தால் சைனீஸ் தியேட்டர் என்ற பழைய சினிமா அரங்கு பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்பைடர்மேன் வேடக்காரர் ஒருவர் தோளில் கை போட்டுப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் காசு கேட்கிறார். அவரிடமிருந்து நழுவி முற்றத்துக்குள் போனேன். இங்கே டிக்கெட் கிடையாது.

சிமெண்டில் கைத்தடமும் கால்தடமும் பதித்த கட்டங்கள். கூட்டமெல்லாம் இந்தக் கால நட்சத்திரங்களைச் சுற்றித்தான். 1927 ஏப்ரல் 30 அன்று மௌனப் பட நடிகை மேரி பிக்ஃபோர்ட் பதித்த கட்டத்தில் ஈ, காக்கா இல்லை. குனிந்து அந்தத் தடத்தில் கை வைத்தேன். என் விரல்கள் வெளியே நீண்டன. ஆள் ஐந்தடிதான். முப்பது வயது தாண்டியும் சுருள்முடிச் சிறுமியாக நடித்தவர். அவரைச் சின்னப் பெண்ணாகக் காட்ட மேசை நாற்காலிகளையே பெரிதாகச் செய்து வைத்தார்களாம்!

படத்தில்தான் சிறுமி. சம்பளம் பேச உட்கார்ந்தால் முதலாளிகள் நடுங்குவார்கள். 1909இல் ஒரு நாளைக்குப் பத்து டாலர் வாங்கியவர், 1916இல் வாரம் 10,000 டாலரும் லாபத்தில் பாதியும் கேட்டு வாங்கினார். 1919இல் நடிகர்கள் சாப்ளின், ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் கிரிஃபித் மூவரோடு சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சினிமாக் கம்பெனியையே தொடங்கிவிட்டார். அவரை வெறும் 'அமெரிக்காவின் செல்லம்' என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இந்த முதலாளியம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுன் போக வேண்டும். பிராட்வேயில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கட்டிய தியேட்டர் இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் கையில் வைத்திருந்தன. படம் எடுத்தால் மட்டும் போதுமா, போட இடம் வேண்டாமா? சின்னத் தயாரிப்பாளர்கள் இன்றும் புலம்பும் விஷயம்தான். இவர்கள் புலம்பாமல் கட்டிவிட்டார்கள். 1927 டிசம்பரில் திறந்தபோது போட்ட முதல் படமும் மேரியுடையதே. அதில் ஜோடியாக நடித்த பட்டி ரோஜர்ஸைப் பத்து வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது கிளைக்கதை.

வெளியே ஸ்பெயின் நாட்டுத் தேவாலயம் மாதிரி கல் வேலைப்பாடு. உள்ளே மேற்கூரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள். ஆனால் ஏதாவது நிகழ்ச்சி நடக்கும் நாளில் டிக்கெட் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள்.

பெவர்லி ஹில்ஸ் டூர் வண்டிக்காரர்கள் மேரியும் அப்போதைய கணவர் ஃபேர்பேங்க்ஸும் வாழ்ந்த பிக்ஃபேர் மாளிகையைக் காட்டுகிறோம் என்பார்கள். ஏறாதீர்கள். அந்த வீட்டை 1990இல் இடித்துவிட்டார்கள். அந்தக் காசில் பிராட்வே தியேட்டரில் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து, பாட்டு எப்படி இருந்தாலும் சரி, மேற்கூரையைப் பாருங்கள்.