கூட்டறிக்கையில் ஏறாதவை

பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. எங்கள் சபை வன்னியில் இருக்கிறது, பெயர் வேண்டாம். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன தீர்மானம் என்பவைதான் அறிக்கையில் ஏறும். ஏறாதவற்றைக் கேட்க வேண்டுமென்றால் மண்டபத்தின் மூலையில் என்னைப்போல உட்கார்ந்திருக்க வேண்டும்.

2018 பெப்ரவரித் தேர்தலோடுதான் பெண்கள் எண்ணிக்கையாக உள்ளே வந்தார்கள். அதற்கு முன் இலங்கை முழுவதிலும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் பெண்கள். சட்டம் 25 வீதம் ஒதுக்கியது. ஆனால் வட்டார வேட்புமனுவில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும். கட்சி பெறும் வாக்குகளுக்கேற்ப இடம் தரும் மேலதிகப் பட்டியலில்தான் 50 வீதம். ஆகவே பெரும்பாலானோர் பட்டியல் வழியாக வந்தார்கள். பட்டியலில் யாரைத் தெரிவது என்பது கட்சியின் கையில். “போனஸில் வந்தவர்தானே” என்ற ஏளனம் தொடக்கத்திலேயே காதில் விழுந்தது. திகதியிடாத பதவி விலகல் கடிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்ட பிறகே தன்னைச் சத்தியப்பிரமாணத்துக்கு அனுப்பினார்கள் என்று ஓர் உறுப்பினர் என்னிடம் சொன்னார். ஒருவரும் கைநீட்டி அடிக்கவில்லை. ஆனாலும் அதை வன்முறை என்றுதான் நான் சொல்வேன்.

கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன என்பதால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். பெண் உறுப்பினர் பேசாமல் இருக்கும்வரை எல்லோருக்கும் அவர் அக்கா. வாசிகசாலைக்குப் புத்தகம், முன்பள்ளிக்கு வேலி என்று கேட்டாலும் அக்காதான். கணக்குக் கேட்கும் நாளில்தான் அவருடைய ஒழுக்கம் சபைக்கு வருகிறது.

அப்படிக் கணக்குக் கேட்க ஒரு பெண் உறுப்பினர் ஒரு கொப்பியோடு எழுந்தார். கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட பிறகு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். வீதி வேலை மதிப்பீட்டில் காட்டியிருந்த கிறவல் (சரளை மண்) நீளத்துக்கும் வீதியில் கிடந்ததற்கும் பொருந்தவில்லை. மகளை மறுமுனையில் நிறுத்தி அளவுநாடாவால் தானே அளந்திருந்தார். வாசித்து முடிக்கவில்லை, எதிர்வரிசையிலிருந்து குரல் வந்தது: “அக்கா, அன்றைக்கு இரவு யாருடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினீர்கள் என்பதையும் அளந்து சொல்லுங்கள்.” சிரிப்பு. அவருடைய கட்சிக்காரரும் சிரித்தார். தவிசாளர் மணியடித்தார். “உள்ளக வீதிக் கிறவல் வேலை குறித்து ஆராயப்பட்டது” என்பதே அறிக்கையில் ஏறியது.

அந்த மோட்டார் சைக்கிள் கதை வன்னிக்காரருக்கு விளக்காமலே புரியும். கட்சிக் கூட்டம் முடியும்போது கடைசி பஸ் போய்விடும். பிரதான வீதியிலிருந்து ஊருக்குள் போக யானை நடமாடும் பாதை. யாராவது ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆண் உறுப்பினர்களும் அப்படித்தான் போகிறார்கள். அதில் எவருக்கும் கதை இல்லை. இவருடைய பின்னிருக்கைப் படம் மட்டும் வட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி, மாமியார் வரை போனது. அளவுநாடா பற்றிய பேச்சு அங்கேயே நின்றது. அதற்காகத்தான் படமே எடுக்கப்பட்டது.

முன்னாள் போராளிப் பெண்கள் இன்னும் அகப்பட்டவர்கள். யுத்தத்துக்குப் பின் வைத்திருந்த தடுப்பிலிருந்து எப்படி விட்டார்கள் என்று ஊர் குசுகுசுக்கும். யாரைச் சந்திக்கிறாய் என்று விசாரிக்க வீட்டுக்கும் ஆள் வரும். வேட்புமனுவைக் கையில் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

2013 வட மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரனுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. கிளிநொச்சியில் அரசப் பணியில் இருந்தவர். யுத்த முடிவில் கணவர் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர். வாக்களிப்புக்குச் சற்று முன் நள்ளிரவில் அவருடைய வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாளன்று, அவர் அரச தரப்புக்குத் தாவிவிட்டார் என்று ‘உதயன்’ பத்திரிகையின் பெயரில் போலிப் பதிப்பு ஒன்று வெளியானது. மக்கள் அவருக்கு 87,870 விருப்பு வாக்குகள் கொடுத்தார்கள். அன்று பொய்யைப் பரப்ப அச்சகம் தேவைப்பட்டது. இன்று போலி முகநூல் கணக்கு ஒன்று போதும்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே மாதம்வரை தேர்தல் இல்லை. கொப்பியோடு எழுந்தவர் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. மகளுக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

புதிய சபையில் ஓர் இளம் உறுப்பினர் இருக்கிறார். தன்னைப் பற்றி ஒருவர் வாய்விட்டதும் உட்காரவில்லை. “அவர் சொன்னதை அவர் பெயரோடு பதியுங்கள்” என்று தவிசாளரிடம் கேட்டார். பதிந்தேன். அடுத்த கூட்டத்தில் அறிக்கையை உறுதிப்படுத்தும்போது அந்த வரியை நீக்கச் சொல்லிப் பெரிய இழுபறி. சொன்னவரே, தான் பகிடிக்குச் சொன்னதாக வாதாடினார். சொல்லவில்லை என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. வரி அப்படியே இருக்கிறது, பெயரோடு. அந்த இளம் உறுப்பினர் இப்போது பழைய கிறவல் மதிப்பீடுகளின் பிரதி கேட்டு எழுத்தில் விண்ணப்பித்திருக்கிறார்.