எலுமிச்சைத் தோட்டத்தில் வெயில் விழும் இடங்கள்

மே 22, 2024

கோடைமழை ஓய்ந்ததும் எல்லா மரத்திலும் ஒரே நேரத்தில் கொழுந்து. புளியங்குடிப் பக்கத்தில் எலுமிச்சை வைத்திருக்கிற யாருக்கும் இது சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வருகிற நேரம். கிழக்கு வரப்போரம் நிற்கும் மரங்களில் கொழுந்து முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இன்னும் விரியாத இலை மடிப்புக்குள் சில்லிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சியின் முட்டைகள், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில், ஒரு முனை கூராக. தாய்ப்பூச்சிகளும் இருந்தன. 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையை இலையோடு ஒட்டி, பின்பக்கத்தைத் தூக்கி 45 டிகிரி சாய்வில் உட்காரும். அந்த உட்காரும் விதத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

தோட்டத்தின் நடுவில் உள்ள மரங்களிலும் கொழுந்து வந்திருக்கிறது. ஆனால் அங்கே முட்டை குறைவு. அதே மழை, அதே மண், அதே உரம். வரப்போர மரங்களுக்குக் காலை வெயில் தடையில்லாமல் கிடைக்கிறது, நடுவில் உள்ளவற்றுக்குக் கிடைப்பதில்லை. இந்தப் பருவத்தில் வெளிச்சம் விழும் இடத்தையும் பூச்சி பெருகும் இடத்தையும் சேர்த்தே எழுதி வைக்கப் போகிறேன்.

மே 25

சில்லிட் பகல் பூச்சி. இணை சேர்வதும் முட்டை இடுவதும் பகல் வெளிச்சத்தில்தான், அதுவும் கொழுந்தின் மேல்தான். முற்றிய இலையில் சாறு குடித்து உயிரோடு இருக்கும், ஆனால் குஞ்சு பொரிக்க வழியில்லை. ஒரு பெண் பூச்சி 800 முட்டை வரை இடக்கூடியது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை நான்கு நாளில் பொரிக்கும், ஐந்து முறை தோலுரித்து இரண்டு இரண்டரை வாரத்தில் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும்.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தன. மறுநாள் உச்சி வெயிலில் கிளையைத் தட்டியதும் சட்டென்று எழும்பிப் பக்கத்துக் கொழுந்தில் இறங்கின.

இதைப் பற்றி நம் நாட்டில் நெடுநாளாகவே எழுதியிருக்கிறார்கள். பஞ்சாபில் ஹுசைன், நாத் என்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பூச்சியின் வாழ்க்கையை ஆராய்ந்து வெளியிட்டது 1927இல். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நலியவைக்கும் கிரீனிங் நோயைப் பரப்புவது இதே பூச்சிதான். ஃப்ளோரிடாவில் 1998இல் பூச்சி தென்பட்டது, 2005இல் நோய் தென்பட்டது. அதன்பின் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் சரிந்த கதை உலகத்துக்கே தெரியும்.

மே 31

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அப்ப நெருக்கமா விட்டுட்டா நெழலு விழும், பூச்சி வராதுல்லா?” என்றார். நியாயமான கேள்வி. பதிலுக்கு அவர் மரத்துக்குள்ளேயே தலையை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன்.

அண்ணாச்சி கவாத்து செய்து பல வருடம் ஆகிறது. உள்ளே குடை பிடித்தது போல இருட்டு. இலையின் அடியில் கறுப்பு ஈ என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியின் முட்டைகள் சுருள் சுருளாக, கிளை இடுக்கில் மாவுப்பூச்சி, மேலே கரும்பூசணம். இந்தப் பூச்சிகள் இரண்டும் சில்லிட்டுக்கு நேர் எதிர். அடர்ந்த, காற்றில்லாத நிழல்தான் இவற்றுக்குப் பிடித்த இடம். இவை விடும் தேன்கழிவில் கரும்பூசணம் படர்ந்தால் இலைக்குக் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் போச்சு. அதனால் மரம் இளைத்துக் காய் குறையும். நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டங்களைக் கறுப்பு ஈ படுத்தியது இப்படித்தான்.

ஆக, நிழலைக் கூட்டினால் சில்லிட் குறையலாம், கறுப்பு ஈ கூடும். வெயிலைத் திறந்துவிட்டால் கறுப்பு ஈ குறையும், புதுக்கொழுந்தோடு சில்லிட்டும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் வரும். அண்ணாச்சி, “அப்ப என்னதான்டே செய்யச் சொல்லுத?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அதுதான் கேள்வி.

ஜூன் 9

இலைத்துளைப்பான் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. இளம் இலையில் வெள்ளிக்கோடு நெளிந்து நெளிந்து போகிறது. தாய் அந்துப்பூச்சி சட்டென்று கண்ணில் படாத அளவு சின்னது. பகலில் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்தபின் முட்டை இடும். வெயில் படும் மரம், படாத மரம் என்ற வித்தியாசம் இதில் எனக்குத் தென்படவில்லை. கொழுந்து இருக்கிற இடமெல்லாம் இருக்கிறது. துளைத்த வழியாகச் சொறிநோய் புகுந்துவிடுவதுதான் கவலை, அதிலும் சாரல் காலத்தில்.

ஜூன் 21

வருடத்திலேயே நீளமான பகல் இன்று. ஒரு விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தென்சீனாவில் ஆய்வகத்தில் சில்லிட்டை வளர்த்துப் பார்த்தவர்கள், வெளிச்சம் கூடவும் வெளிச்ச நேரம் நீளவும் பூச்சி சீக்கிரம் முட்டை இடத் தொடங்குகிறது, அதிகமாக இடுகிறது, குறைவாகச் சாகிறது என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டு இங்கேயும் கோடைப் பகல் நீளத்தால்தான் பூச்சி பெருகுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. குவாங்சோ நகரத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட மூன்று மணி நேர வித்தியாசம். நம் ஊர் 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இன்றைய பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் 11 மணி 35 நிமிடம். ஒரு மணி நேரச் சொச்சம்தான் வித்தியாசம்.

அதனால் இங்கே பகலின் நீளத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பது என் முடிவு. மழையும் தண்ணீரும் கொழுந்தைக் கிளப்புகின்றன. கொழுந்தில் வெயில் எவ்வளவு விழுகிறது என்பது பூச்சியின் கூட்டத்தைத் தீர்மானிக்கிறது. முதலாவது நம் கையில் பாதிதான் இருக்கிறது. இரண்டாவது கவாத்துக் கத்திரியிலும் நடவு இடைவெளியிலும் இருக்கிறது.

ஜூன் 24

கொல்லைக் கறிவேப்பிலையிலும் சில்லிட் குஞ்சுகள், பின்பக்கத்தில் வெள்ளை மெழுகு நூலோடு. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தானே. கொழுந்தை மொத்தமாக ஒடித்துத் தண்ணீர் வாளியில் போட்டேன். தோட்டத்தில் மட்டும் பார்த்தால் போதாது.

ஜூன் 30

சோலார் விளக்குப்பொறி விற்கிறவர் ஒருவர் வந்து, எல்லாப் பூச்சிக்கும் இது ஒன்றே போதும் என்றார். வாங்கவில்லை. சில்லிட் பகலில் நடமாடுவது. அதற்கு ராத்திரி விளக்கு எதற்கு? விடியவிடிய எரிகிற விளக்கில் நமக்கு நல்லது செய்யும் பூச்சிகளும் வந்து விழும். சில்லிட்டுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியே போதும், வெயில் படும் ஓரத்தில், கொழுந்து உயரத்தில் கட்டினால். அதுவும் எண்ணிக்கை தெரிந்துகொள்ளத்தான், ஒழிக்க அல்ல.

ராத்திரி வெளிச்சம் உண்மையிலேயே உதவுகிற இடம் வேறு. பழத்தைக் குத்திச் சாறு உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சி இருளில்தான் வரும். ஜப்பானில் பழத்தோட்டங்களில் ராத்திரி மஞ்சள் விளக்கு எரியவிடுவார்கள். கவர்ந்து கொல்வதற்கு அல்ல. அந்த வெளிச்சத்தில் அந்துப்பூச்சியின் கண் பகலுக்குப் பழகியது போல மாறிவிடும், அது பறக்காமல் அடங்கிவிடும். நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. ஆனால் இத்தனை மரத்துக்கும் விளக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. அதன் புழு சீந்தில் கொடியில் வளர்கிறது, அதனால் வேலியில் படர்ந்திருந்த சீந்திலை அறுத்தெடுத்தேன்.

ஜூலை 7

புதிதாக நட்ட கன்றுகளின் அடியில் வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட் விரித்தாயிற்று. ஃப்ளோரிடாவில் இளங்கன்றுகளுக்கு உலோகம் பூசிய ஷீட் போட்டுச் சில்லிட்டைக் குறைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து புறஊதாக் கதிர் திரும்பி அடித்தால் பூச்சிக்கு எது வானம் எது தரை என்று குழம்பிவிடுகிறது. மரம் வளர்ந்து ஷீட்டின் மேல் நிழல் விழுந்தால் பலன் போய்விடும். நம் கடையில் கிடைக்கும் சில்வர் ஷீட் அவ்வளவு மின்னாது, பலனும் அதற்கேற்பத்தான் இருக்கும். களை வராமல் தடுத்தாலே எனக்குக் காசு தேறிவிடும்.

ஜூலை 14

அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில் ஒருவழியாக வந்தது. மரத்தைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் தோட்டம் முழுக்க ஒரே வாரத்தில். இங்கே ஒரு மரம், அடுத்த மாதம் இன்னொரு மரம் என்று வெட்டினால் எந்த நேரமும் எங்கேயாவது கொழுந்து இருக்கும், சில்லிட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒன்றாகத் துளிர்த்து ஒன்றாக முற்றினால் அதற்கு முட்டை இடக் கிடைப்பது ஒரு குறுகிய காலம்தான். நாமும் அந்தக் காலத்தில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். நீர்ப்போத்துகளை மட்டும் இடையிடையே ஒடித்துவிட வேண்டும்.

இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து ஆள் பேசியிருக்கிறோம். கொழுந்து முளைவிட்டதும் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 30 மில்லி, சோப்புக் கரைசலோடு. அடிப்பது பொழுது சாய்ந்தபின்தான். வேம்பின் மருந்துச் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், இளந்துளிரும் கருகும். அண்ணாச்சி ஸ்ப்ரேயர் தருகிறார், வேப்பெண்ணெய் என் பொறுப்பு.