பினாங்கில் ஒரு வாரம்

காரைக்குடியில் பினாங்கு என்று சொன்னால், மலேசியாவில் இருந்தாலும், யாரும் அதை வெளிநாடாகவே நினைப்பதில்லை, கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன பாட்டையாக்களின் ஊர் அது, அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. நாங்கள் போனது மலை ஏறவும் கடலில் கால் நனைக்கவும்தான்.

833 மீட்டர் உயரப் பினாங்கு மலைக்கு 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. ஏறிப் பார்த்தோம், கூட்டம், அவ்வளவுதான். தேசியப் பூங்காவில் காட்டு வழியே கெராச்சுட் கடற்கரைக்கு நடந்ததுதான் நிஜமான சுகம். வேர்களே படிக்கட்டு, சட்டை பிழியப் பிழிய வியர்வை. அங்கே ஓர் ஏரி, மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலக்காமல் கிடக்கும். வறண்ட மாதங்களில் போனால் வெறும் சேறுதான். பக்கத்திலேயே ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ஜெல்லிமீன் தொல்லை என்பதால் குளிக்க வேண்டாம் என்றார்கள், சரி என்று படகு பிடித்துத் திரும்பினோம். பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் மணலைவிட ஜெட் ஸ்கீ சத்தம்தான் அதிகம்.

சாப்பாடுதான் பெரிய விஷயம். தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் தோளில் காவடிபோலச் சுமந்து விற்ற நாசி கண்டார், இப்போது கடைகளில். சோற்றின் மேல் நாலைந்து குழம்பையும் ஒன்றாக ஊற்றிவிடுவார்கள், நம்ம அப்பத்தா பார்த்திருந்தால் இலையை மூடியிருப்பார். அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் சூப்பில் மீன், புளி, அன்னாசி, புதினா எல்லாம் உண்டு, முதல் வாய்க்கு முகம் சுளித்த என் வீட்டுக்காரர் அப்புறம் தினமும் அதையே கேட்டார். கறுப்பரிசியைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றித் தரும் புலுட் ஹித்தாமோ அப்படியே நம் கவுனி அரிசிக்குப் பங்காளி. இனிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.