கல்லாறு தாண்டியதும் மாறும் ஓசை

நீலகிரி மலை ரயிலில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். அதை இழுக்கும் இன்ஜினைப் பற்றி நெடுங்காலம் ஒரு தவறான எண்ணம் எனக்கு இருந்தது. முதலாவதாக, அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்ஜின் ரயிலின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். இணைப்புக் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டுவிடாதபடி இன்ஜின் தாங்கி நிற்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம். இறங்கும்போதும் அதே கீழ்ப்பக்கத்தில், முன்னால் நின்று பாரத்தைத் தடுத்துக்கொண்டே வரும்.

எக்ஸ் வகை என்று அழைக்கப்படும் இந்த இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்யப்பட்டவை. 1914 முதல் 1925 வரை பன்னிரண்டும், 1952இல் மேலும் ஐந்தும் வந்தன. சமவெளி ரயில்களின் நீராவி இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் தனி வண்டி ஒன்று தொடர்ந்து வருமே, அந்த டெண்டர் இதற்குக் கிடையாது. கொதிகலனின் இரு பக்கங்களிலும் உள்ள தொட்டிகளிலேயே தண்ணீர் இருக்கும், எரிபொருளும் இன்ஜினின் உடம்பிலேயே இருக்கும். மலைக்கு இது இரண்டு வகையில் பொருந்துகிறது: சுமையெல்லாம் சக்கரங்களின் மேலேயே அழுந்துவதால் பிடிமானம் கூடுகிறது, திருப்பிவிட வேண்டிய தேவையின்றி இருதிசையிலும் ஓட முடிகிறது. ஏறத்தாழ 50 டன் எடையுள்ள இயந்திரத்தில் தண்ணீருக்கு ஒதுக்க முடிந்த இடம் குறைவு என்பதால், வழியில் நின்று நின்று நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழியில் வரும் ஹில்குரோ நிலையத்தில் நாம் தேநீருக்கும் குரங்குகளுக்குமாக இறங்குகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் ரயில் நிற்பது இன்ஜினின் தாகத்துக்காக.

இந்த இன்ஜினின் உண்மையான அழகு அதன் நான்கு சிலிண்டர்களில் இருக்கிறது. மலையடிவார நிலையமான கல்லாறு வரை பாதை கிட்டத்தட்டச் சமதளம் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் கீழே உள்ள ஒரு சிலிண்டர் வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுவதே போதுமானது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையிலான பகுதியில் சில இடங்களில் சுமார் 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம் வருகிறது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தின் மேல் அதைத் தாண்ட முடியாது. எனவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு பட்டையின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும்படி மாற்றி மாற்றி அமைந்திருப்பதால், இன்ஜினின் பல்சக்கரத்துக்கு எந்தக் கணத்திலும் பிடி தவறுவதில்லை. அந்தப் பல்சக்கரத்தை இயக்குபவை மேலே உள்ள இரு சிலிண்டர்கள். கீழ்ச் சிலிண்டர்களில் வேலை முடித்து அழுத்தம் குறைந்து வெளியேறும் நீராவியே வீணாகாமல் மேலே போய் இரண்டாம் முறை உழைக்கிறது. ஏறும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால், மேலுள்ள தண்டு கீழுள்ளதற்கு எதிர்த்திசையிலும் அதைவிட வேகமாகவும் சுழல்வது தெரியும். ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். இடையில் ஒரு பல்லிணைப்பு இருப்பதால் வரும் திசைமாற்றம் அது என்று பிறகு புரிந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், இறங்குவதற்கு மூன்றரை மணி நேரமும் ஆகின்றன. குன்னூருக்கு மேல் பல்பாதை இல்லை. அங்கே நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுகிறார்கள். அதற்கு மேல் நான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அருங்காட்சியகத்து மேடையில் நிற்கும் இன்ஜினுக்கு வண்ணம் பூசி, துருவைத் தடுத்தால் பெரும்பாலும் போதும். நாள்தோறும் மலையேறும் இன்ஜினின் நிலை வேறு. கொதிகலன் குழாய்கள் அரிக்கும், சக்கர விளிம்பு தேயும், பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கும். அவற்றையெல்லாம் மாற்றத்தான் வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரியை விட்டு உலை எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கியபோது, பாரம்பரியம் போயிற்று என்று வருந்தியவர்களில் நானும் ஒருவன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அள்ளிப் போடும் கரியின் தரம் குறைந்தால் ஏற்றத்தின் நடுவில் நீராவி அழுத்தம் விழும், காட்டோரத்தில் தீப்பொறி பறப்பதும் ஆபத்து. எண்ணெய் அந்த இரண்டுக்கும் விடை தந்தது.

2011இலிருந்து திருச்சி பொன்மலைப் பணிமனை, எண்ணெயில் ஓடும் நான்கு எக்ஸ் இன்ஜின்களைப் புதிதாகவே கட்டி அனுப்பியது. 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டியது. தென்னிந்திய ரயில்வே 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்த்த பணிமனை அது. நூறாண்டுக்கு முந்தைய வடிவமைப்பை எடுத்து, வார்ப்பும் கொதிகலனும் நான்கு சிலிண்டர்களும் இங்கேயே செய்து முடிப்பது சாதாரண வேலையல்ல. இவை அசல் அல்ல, நகல்தானே என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. இரும்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் எக்ஸ் இன்ஜினைக் கட்டவும் திறந்து பழுது நீக்கவும் தெரிந்த கைகள் இன்று நம்மிடம் இருப்பதற்கு அந்த நகல்களே காரணம். பழைய இரும்பை மட்டும் வண்ணம் பூசி நிறுத்தியிருந்தால் அந்தக் கைகள் ஓய்வுபெற்ற நாளோடு அந்த வித்தையும் போயிருக்கும்.

அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காட்சிக்காக எல்லோரும் முன்பெட்டிக்கு முண்டியடிப்பார்கள். நீங்கள் இன்ஜினை ஒட்டிய பெட்டியில் உட்காருங்கள். கல்லாறு தாண்டிச் சற்று நேரத்தில் பல்சக்கரம் பட்டையில் ஏறிக் கவ்வும். அதுவரை நிதானமாக வந்துகொண்டிருந்த புகைபோக்கியின் ஓசை, நீராவி மேல் சிலிண்டர்கள் வழியாக வெளியேறத் தொடங்கியதும், நடை குறைந்தாலும் முன்னைவிட மென்மையாகவும் விரைவாகவும் கேட்கும்.