கொண்டு போவது வேறு, கொடுப்பது வேறு

பெங்களூரில் ஒரு சிறுமியர் இல்லத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். போன வருஷம் குடும்ப நீதிமன்றத்திலிருந்து அமீனா (சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியர்) ஒரு சம்மன் கொண்டுவந்தார். குழந்தைகள் நலக் குழு உத்தரவின்படி எங்களிடம் நாலு மாதம் இருந்துவிட்டுப் போன ஒரு குழந்தையின் முழுக் கோப்பும் வேண்டுமாம். அப்பா, அம்மா இருவரும் குழந்தை யாரிடம் வளர்வது என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கோப்பைக் கேட்டது அப்பா தரப்பு.

அதில் பாதி நான் எழுதியது. குழந்தை ராத்திரியில் அழுதுகொண்டே சொன்னவை, முதலில் புகார் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர், ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கிறது. எப்படித் தூக்கிக் கொடுப்பது? இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 99 இந்த அறிக்கைகளை ரகசியம் என்கிறது. பிரிவு 74-இன்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். எங்கள் நிர்வாகி இரண்டையும் குறிப்பிட்டு, 'தர இயலாது' என்று தபாலில் ஒரு கடிதம் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். நானும்தான்.

அடுத்த வாய்தாவில் வாரண்ட் போட்டுவிட்டார்கள். ஜாமீனில் விடக்கூடியதுதான், இருந்தாலும் கான்ஸ்டபிள் வாசலில் நின்றபோது இல்லத்துப் பிள்ளைகள் முகமெல்லாம் ஜன்னலில்.

அல்சூரில் தெரிந்த வக்கீல் அக்காவிடம் ஓடினேன். "சம்மன் வந்தா எடுத்துட்டுப் போகணும்மா. காட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது நீங்க இல்ல, ஜட்ஜ்" என்று திட்டினார். புதிய சாட்சியச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு (பழையதில் 162) அதைத்தான் சொல்கிறதாம்: ஆட்சேபணை இருந்தாலும் ஆவணம் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும், ஆட்சேபணை செல்லுமா என்பதை அங்கே பார்ப்பார்கள். வராவிட்டால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 32: வாரண்ட், சொத்து ஜப்தி, 5,000 ரூபாய் வரை அபராதம். நாங்கள் நம்பியிருந்த 74 முக்கியமாகப் பத்திரிகை, டிவி மாதிரி வெளியீடுகளுக்கானது. நீதிபதியிடம் காட்டுவதை அது தடுக்காது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பக்க எண் போட்டேன். புகார் கொடுத்தவர் பெயர் வரும் பக்கங்களையும் குழந்தையின் வாக்குமூலத்தையும் தனி உறையில் வைத்து அரக்கு முத்திரை இட்டோம். நீதிபதி மட்டும் படிக்க வேண்டும், கட்சிக்காரர்களுக்குச் சாரம் போதும் என்று கேட்டு ஒரு மனு. கன்னடத்தில் டைப் செய்தது எங்கள் வார்டன்.

நீதிமன்றத்தில் முதலில் மன்னிப்பு. நீதிபதி இரண்டு நிமிஷம் நன்றாகவே கடிந்துகொண்டார், அப்புறம் வாரண்டை ரத்து செய்தார். உறையைத் தன் அறைக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, திரும்ப ஒட்டச் சொன்னார். என் அறிக்கையின் சாரத்தை மட்டும் இரு தரப்பு வக்கீல்களும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், நகலோ ஃபோட்டோவோ கூடாது என்று உத்தரவு.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அப்பா தரப்பு வக்கீலின் முதல் கேள்வி: "புகார் கொடுத்தது யார்?"

நான் நீதிபதியைப் பார்த்தேன். "அதற்குப் பதில் சொல்ல வேண்டாம்" என்றார்.