போப்பாண்டவர் என்று மாற்றினேன்

ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த காலம். சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சமூகம்) ஒன்றின் நூற்றாண்டு மலர் வேலைக்கு வந்தது. ஒரு கட்டுரையில் போப்பாண்டவர், இன்னொன்றில் திருத்தந்தை, பழைய சுற்றறிக்கை ஒன்றில் பாப்பரசர். ஒருவருக்கு எதற்கு மூன்று பெயர் என்று, யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் போப்பாண்டவர் ஆக்கிவிட்டேன். நாளிதழ்களில் படித்துப் பழகிய சொல் அதுதான்.

மலர்க்குழுவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தம்பி, ஆண்டவர்னு நாங்க கும்பிடறது இயேசுவைத்தான்” என்றார்.

பழனியாண்டவர், நாகூர் ஆண்டவர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அது மரியாதைச் சொல். தினமும் ஜெபத்தில் ‘ஆண்டவரே’ என்று அழைக்கிறவருக்கு உறுத்தும் என்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டத்தைத் தேடிப் படித்தேன். கிரேக்கத்தில் ‘பாப்பாஸ்’ என்றால் அப்பா. குழந்தை கூப்பிடும் சொல். லத்தீனில் அது ‘பாப்பா’. (நம் ஊரில் அதே ஓசை குழந்தையையே குறிக்கிறது, எனக்கு இன்றும் வியப்பு.) தொடக்கத்தில் ரோமுக்கு மட்டும் உரியதும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டிலேயே எகிப்தின் அலெக்சாந்திரியா ஆயரை (பிஷப்பை) அப்படி அழைத்திருக்கிறார்கள். எகிப்தின் காப்டிக் திருச்சபைத் தலைவர் இன்றும் போப்தான். மேற்கே அது ரோம் ஆயருக்கு மட்டும் என்று உறுதியானது 11ஆம் நூற்றாண்டில், ஏழாம் கிரகோரி போப்பாக இருந்த காலத்தில்.

அந்தப் பாப்பாவோடு அரசரைச் சேர்த்தது தமிழ். 1870 வரை ரோமின் போப்புக்கு இத்தாலியில் நாடும் படையும் இருந்தன, எனவே பொருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 590 முதல் 604 வரை அந்தப் பதவியில் இருந்த முதலாம் கிரகோரி, தன்னைக் கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்றே எழுதிக்கொண்டவர். அரசரைவிடவும் ஆண்டவரைவிடவும் திருத்தந்தைதான் அந்த முதல் ‘அப்பா’வுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அடுத்த முறை ஆசிரியர் வந்ததும், “சார், மலர் முழுக்கத் திருத்தந்தைன்னே போட்டுடலாமா?” என்று கேட்டேன்.

“கட்டுரையில போடுங்க. சுற்றறிக்கையைத் தொடாதீங்க. அது எங்க தாத்தா காலத்து எழுத்து, அவங்க பாப்பரசர்னுதான் கூப்பிட்டாங்க.”

மங்கிப்போன அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். நான்கு இடங்களில் பாப்பரசர் திரும்பி வந்தார்.