டேட் என்று அடித்தேன், தேதியைக் கேட்டது

டாஸ், அதாவது கட்டளைகளை அடித்தே இயக்கும் பழைய இயங்குதளத்தைக் கற்க உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, கட்டளைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தது. ஒரு வாரத்தில் பாதி மறந்துபோனது. மீதிப் பாதி எதற்கு என்று தெரியவில்லை. நீங்கள் அப்படித் தொடங்காதீர்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஃப்ரீடாஸ். தன் டாஸான எம்எஸ்-டாஸை மைக்ரோசாஃப்ட் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும், 1994இல் ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. என்னிடம் இருந்தது 2022இல் வந்த 1.3 பதிப்பு. இதற்காகப் பழைய கணினி தேடி அலைய வேண்டாம்; நம் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினிபோல் நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள், கெமு அல்லது வர்ச்சுவல்பாக்ஸ் போதும். 200 எம்பி வட்டு, 32 எம்பி நினைவகம் என்று கொடுத்தாலே தாராளம்.

நிறுவும்போது இரண்டு இடத்தில் குழம்பினேன். வட்டைப் பகுதிகளாகப் பிரித்ததும் மறுபடி தொடங்கச் சொல்லும். தொடங்கினால் அதே நிறுவல் திரை முதலிலிருந்து வரும். ஏதோ தவறாகிவிட்டது என்று நினைத்து மூன்று முறை வட்டையே அழித்துவிட்டேன். அது தவறே இல்லை, இரண்டாம் சுற்றில்தான் ஃபார்மட் நடக்கும். எல்லாம் முடிந்தபிறகும் நிறுவல் திரையே வந்தால், எமுலேட்டருக்குக் கொடுத்த நிறுவல் சிடியின் கோப்பை இன்னும் கழற்றவில்லை என்று அர்த்தம். வட்டைப் பகுதி பிரிக்கும் எஃப்டிஸ்க் நம் உண்மையான வட்டை அழித்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. எமுலேட்டருக்கு வட்டு என்று கொடுத்த அந்த ஒரு கோப்புதான் அதற்கு வட்டு. நிறுவி முடித்ததும் அந்தக் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டால், அப்புறம் எதையும் தைரியமாக உடைக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய குறிப்புகளைத் திரையில் காட்ட கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன பேட்ச் கோப்பு எழுதி, 'டேட்' என்று பெயர் வைத்தேன். பெயரை அடித்து என்டர் தட்டினால், குறிப்பு வரவில்லை. இன்றைய தேதியைக் காட்டி, புதுத் தேதி என்ன என்று கேட்டது. கோப்பைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். மறுபடியும் தேதி கேட்டது.

அடுத்த நாள் இன்னொரு கூத்து. தொடக்கக் கோப்பான எஃப்டிஆட்டோவில் என் கோப்புறையைச் சேர்க்கப் போய், கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று சொல்லும் 'பாத்' வரியில் இருந்ததை அழித்துவிட்டு என்னுடையதை மட்டும் எழுதிவிட்டேன். மறுபடி தொடங்கினால் கோப்புகளைப் பட்டியலிடும் டிர் வேலை செய்கிறது, காப்பி வேலை செய்கிறது, கோப்பைத் திருத்தும் எடிட் மட்டும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. ஃபார்மட்டும் அதே பதில்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டிர், காப்பி, டெல், டைப், கோப்புறை மாற்றும் சிடி, டேட் போன்றவை, நாம் அடிப்பதை வாங்கிச் செயல்படுத்தும் கமாண்ட்.காம் என்ற ஷெல்லுக்கு உள்ளேயே இருப்பவை. எடிட், ஃபார்மட், எஃப்டிஸ்க் எல்லாம் வட்டில் தனித்தனிக் கோப்புகள். நாம் ஒரு பெயரை அடித்ததும் ஷெல் முதலில் தனக்குள் பார்க்கும். அங்கே இல்லையென்றால் நாம் நிற்கும் கோப்புறையில் தேடும், அதன்பின் பாத்தில் எழுதியிருக்கும் கோப்புறைகளில் வரிசையாகத் தேடும். ஒரே பெயரில் பல இருந்தால் .காம், .எக்ஸ்இ, .பேட் என்பது வரிசை. என் டேட் கோப்பை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாத்தை நான் அழித்ததும் எடிட் இருக்கும் இடம் அதற்குத் தெரியாமல் போனது. கோப்புறையோடு முழு முகவரியை அடித்ததும் எடிட் சமர்த்தாகத் திறந்தது. அதை வைத்தே பாத்தைச் சரிசெய்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். புதிதாக ஒரு கட்டளையைப் பார்த்தால், அது ஷெல்லுக்கு உள்ளேயா, வெளியேயா என்று முதலில் ஊகிப்பேன். பிறகு தனிக் கட்டளைக் கோப்புகள் இருக்கும் ஃப்ரீடாஸின் 'பின்' (BIN) கோப்புறையில் டிர் போட்டுச் சரிபார்ப்பேன். மனப்பாடம் செய்யாமலே கட்டளைகள் மனதில் நின்றன. எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குக் கட்டளையின் பின்னால் சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டால் போதும், பெரும்பாலானவை தாமே சொல்லிவிடும். கோப்புறைக்கு மட்டும் ஏன் தலைகீழ்ச் சாய்கோடு என்று எரிச்சலாக இருக்கும். 1983இல் வந்த டாஸ் 2.0இல்தான் கோப்புறைகளே வந்தன. அதற்குள் நேர்ச் சாய்கோட்டைக் கட்டளை விருப்பங்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

இதெல்லாம் கைவந்தபிறகு, செயலிக்கு நேரடியாகக் கட்டளை எழுதிப் பார்க்க உதவும் டீபக் பக்கம் போங்கள். செயலியின் மொழியான அசெம்பிளியில் நாலே வரி: செயலிக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களான ஏஹெச்சில் 2, டிஎல்லில் 41, டாஸை அழைக்க இன்ட் 21, நிரலை முடிக்க இன்ட் 20. டீபக்கில் எண்கள் எல்லாம் பதினாறடிமான எண்கள்தான். ஒரு .காம் கோப்பாகச் சேமித்து ஓட்டினால் திரையில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வரும். டிர் போட்டுப் பார்த்தேன், கோப்பின் அளவு 8 பைட். இந்தத் தடவை பெயரை மட்டும் யோசித்து வைத்தேன்.